அருஞ்சொற்களைச் சேர்த்துப் பொருளோடு பகிர்தல்: மொரிசியஸ் தமிழர்க்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கரிபூலே (கறிவேப்பிலை), கொத்தோமிலி (கொத்தமல்லி), ரசோன் (ரசம்) ஆகிய சொற்களைத் தீவின் பொதுப் பேச்சுமொழியான கிரியோலில் நாள்தோறும் வழங்கிவரும் மொரிசியஸ் தமிழர்களில் பலர், அருஞ்சொல் என்றாலே அது சங்கப் பாட்டிலோ நிகண்டிலோ மட்டும் கிடைக்கும் என்று எண்ணிவிடுகிறார்கள். நூலில் கிடைக்கும் சொல்லும் சமையலறையில் கிடைக்கும் சொல்லும் ஒரே ஏட்டில், ஒரே அக்கறையோடு எழுதப்பட வேண்டியவை என்பது என் உறுதியான எண்ணம். அவற்றைத் தேர்வது, கேட்டறிவது, பதிவு செய்வது, வேர் காண்பது, பொருள் எழுதுவது, பிறரிடம் கொண்டு சேர்ப்பது ஆகியவற்றைப் படிப்படியாகக் கீழே தருகிறேன்.

முதற்படி: சொல்லைத் தேர்தல்

தொல்காப்பியம் செய்யுளில் வழங்கும் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுக்கிறது. இவற்றுள் திசைச்சொல் என்பது "செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்தும் தம் குறிப்பினவே" என்று விளக்கப்படுகிறது. அதாவது, ஒவ்வொரு நிலத்தாரும் தமக்கென வழங்கும் பொருளை உடைய சொற்களும் தமிழின் சொற்களாகவே மதிக்கப்பட்டன. கடல் கடந்து வந்து தலைமுறைகள் பல வாழ்ந்துவிட்ட நம் தீவின் சொற்களை இந்த வகையில் வைத்துப் பார்ப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

ஒரு சொல்லை ஏட்டில் சேர்ப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டால் போதும்: நாம் அன்றாடம் வழங்கும் வேறு எந்தச் சொல்லும் செய்யாத வேலையை இந்தச் சொல் செய்கிறதா? எடுத்துக்காட்டாக, நெய்தல் நிலத்துக்குரிய சிறுபொழுதாகத் தொல்காப்பியம் கூறும் எற்பாடு என்னும் சொல்லைப் பாருங்கள். எல் என்றால் கதிரவன், பாடு என்றால் மறைதல். கதிரவன் கடலில் இறங்கும் அந்தப் பொழுதுக்கு மேற்குக் கரையில் பிளிக்-ஆன்-பிளாக் கடற்கரையில் நிற்பவருக்கு 'மாலை' என்னும் பொதுச்சொல் போதாது. (இச்சொல்லுக்குக் காலைப் பொழுது என்று பொருள் கண்டவரும் உண்டு; அந்தக் கருத்தையும் பதிவில் குறிக்க வேண்டும்.) அலைகள் கொண்டுவந்து குவித்த மணல்மேட்டைக் குறிக்கும் எக்கர், கடலடியில் இருக்கும் பாறைப் படுகையைக் குறிக்கும் பார் ஆகியவையும் நம் கரைகளுக்கு உடனே பயன்படுபவை. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிக்கும் இடங்களைப் பார் என்றே அழைத்துவந்தார்கள். தீவைச் சுற்றி அலைகளைத் தடுத்து நிற்கும் பவளப் பாறைத் திட்டுக்கு அந்தச் சொல்லைத் துணிந்து வழங்கலாம்.

இதற்கு மாறாக, நீளமாக இருப்பதாலும் ஒலிப்பதற்குக் கடினமாக இருப்பதாலும் மட்டும் ஒரு சொல்லைத் தேர்வது வீண். கேட்டவர் வியப்பார்; மறுநாள் மறந்துவிடுவார்.

இரண்டாம் படி: கேட்குமிடம்

பிரெஞ்சு ஆட்சி நடந்த 18ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் இத்தீவுக்கு வந்தார்கள். 1834இல் ஒப்பந்தத் தொழிலாளர் வரவு தொடங்கியபின் கரும்புத் தோட்டங்களுக்கு மேலும் பலர் வந்தார்கள். இவர்கள் கொண்டுவந்தது எழுத்துத் தமிழன்று, வட்டாரப் பேச்சுத் தமிழ் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், எங்கே செவி கொடுக்க வேண்டும் என்பது தானே விளங்கும்.

முதலில் அடுக்களை. வாழையிலையில் ஏழு கறிகளோடு பரிமாறப்படும் 'செத் காரி' விருந்து நடக்கும் நாளில் சமைப்பவர் அருகே நின்றால், கறிவேப்பிலையைக் கரிபூலே என்றும், பீர்க்கங்காயைப் பிபங்காய் என்றும், முருங்கைக் கீரையை பிரேத் முரூம் என்றும் சொல்வதைக் கேட்கலாம். இப்பெயர்களைத் தமிழர் அல்லாதவர்களும் சந்தையில் இயல்பாகச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லும் விதத்தையும் தனியே குறித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் ஒரு சொல் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

அடுத்தது கோயில். அண்டைத் தீவான ரீயூனியனில் தமிழ் பேசுவோர் மிகச் சிலரே என்றாலும், வழிபாட்டோடும் கூத்தோடும் தொடர்புடைய சொற்கள் அங்கே வியக்கத்தக்க அளவில் நிலைத்திருக்கின்றன. பூசாரி அங்கே பூசாரியேதான். மதுரை வீரன் மார்தேவிரின் ஆகவும், முனீஸ்வரன் மினிஸ்பிரேன் ஆகவும், தீமிதி விழாவின் தலைவியான பாஞ்சாலி பந்தியாலே ஆகவும் வணங்கப்படுகிறார்கள். மத்தளம் மத்தலோன், தாளம் தார்லோன், உடுக்கை உல்கே, நாடகம் நர்ல்கோன், அந்நாடகத்தை நடத்தும் வாத்தியார் வர்த்தியால். இவற்றைச் சிதைந்த சொற்கள் என்று ஒதுக்குவோரை நான் அறிவேன். அந்த ஒதுக்கலை என்னால் ஏற்கவே முடியவில்லை: படிப்பும் ஏடும் இல்லாத நிலையில், செவிவழி மட்டுமே பல தலைமுறைகள் காத்துவந்த சொற்கள் இவை.

மூன்றாவது, குடும்பப் பெயர்கள். முருகன் மூர்கென் ஆகவும், சுப்பன் சூபென் ஆகவும், வேலாயுதம் வலாய்தோன் ஆகவும் ஆவணங்களில் பதிந்திருப்பது இத்தீவில் எல்லாரும் அறிந்ததே. பெயரின் வடிவத்தைப் பொதுவாகப் பேசலாம். ஒரு குடும்பத்தின் வரலாற்றை அக்குடும்பத்தாரைக் கேளாமல் பேசக் கூடாது.

மூத்தவர்களிடம் கேட்கும்போது, "இந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன, தாத்தா?" என்று தொடங்குவது பெரும்பாலும் பயன் தராது. வினாத்தாளுக்கு விடை எழுதுவது போன்ற தயக்கம் அவர்களுக்கு வந்துவிடும். "இதை எப்போது சொல்வீர்கள்? யாரிடம் சொல்ல மாட்டீர்கள்? உங்கள் அம்மா இதை வேறு விதமாகச் சொல்வாரா?" என்று கேட்டால் பேச்சு தானாக விரியும். தமிழில் பேச இயலாதவரிடம் கிரியோலிலேயே கேளுங்கள். தமிழில் பேச வேண்டும் என்று வற்புறுத்தினால் அவர் வாயை மூடிக்கொள்வார், அவரோடு அவர் அறிந்த சொற்களும் போய்விடும்.

மூன்றாம் படி: பதிவு செய்தல்

கேட்ட அன்றே எழுத வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தனித் தாள் அல்லது கைப்பேசியில் ஒரு தனிக் குறிப்பு போதும். அதில் கேட்டபடியே சொல்லின் ஒலிவடிவம், அது வந்த முழு வாக்கியம், கேட்ட ஊர், நாள், சொன்னவரின் ஏறத்தாழ வயது, அவர் தம் வாய்மொழியில் தந்த விளக்கம் ஆகியன இருக்க வேண்டும். சொன்னவரின் பெயர் வேண்டியதில்லை. அவர் விரும்பினாலன்றிப் பிறருக்குத் தரவும் கூடாது. அவர் இசைந்தால் அச்சொல்லை ஒலிப்பதிவு செய்துகொள்வது நல்லது, ஏனென்றால் கிரியோலில் மூக்கொலியோடு முடியும் உயிர்களைத் தமிழ் எழுத்து முழுமையாகக் காட்டாது. ரசோன் என்று எழுதினாலும், ஈற்றில் வருவது தெளிவான னகர மெய்யன்று, மூக்கின்வழி நீளும் ஓகாரம்.

இவற்றுள் முழு வாக்கியமே தலையாயது. வாக்கியம் இல்லாமல் எழுதப்பட்ட சொல்லை ஓராண்டு கழித்துத் திறந்து பார்த்தால், அது பெயரா வினையா, கேலியா மரியாதையா என்றுகூடச் சொல்ல முடியாது.

நான்காம் படி: வேர் காணல்

இந்தப் படியில்தான் ஆர்வம் மிகுந்தவர்கள் வழிதவறுகிறார்கள். ஒலி ஒத்திருந்தால் போதும், உறவு நிச்சயம் என்று நினைப்பது எளிது. "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்று தொல்காப்பியம் உரியியலில் எச்சரித்திருப்பது அதற்காகவே. சொல்லுக்கு அப்பொருள் வந்த காரணம் பார்த்த அளவில் விளங்காது. ஆகவே, தனிச்சொல் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டாமல், ஒரே வகை மாற்றத்தைக் காட்டும் சொற்களை அருகருகே அடுக்கிப் பார்க்க வேண்டும்.

அவ்வாறு அடுக்கினால், நம் இரு தீவுகளின் சொற்களில் சில ஒழுங்குகள் தெளிவாகத் தென்படுகின்றன. தமிழில் 'அம்' என்று முடியும் சொற்கள் பிரெஞ்சு மூக்கொலியின் செல்வாக்கால் 'ஓன்' என்று முடிகின்றன: ரசம் ரசோன் ஆகிறது, கருமம் கர்மோன் ஆகிறது, மத்தளமும் தாளமும் நாடகமும் மேலே சொன்னபடி மாறுகின்றன, போர்ட் லூயிஸின் செயின்ட் குரோய் பகுதியில் உள்ள சொக்கலிங்க மீனாட்சி அம்மன் கோயிலை மக்கள் கெலாசோன் என்று அழைப்பதும், கைலாசம் என்னும் சொல் அதே வழியில் நடந்ததால்தான். வேலாயுதம் வலாய்தோன் ஆனதும் இவ்வொழுங்குக்கு உட்பட்டதே. இரண்டாவது ஒழுங்கு, பேச்சுத் தமிழில் ஈற்று ஐகாரம் எகரமாக ஒலிப்பது. கறிவேப்பிலை இங்கே கரிபூலே என்றும் ரீயூனியனில் கலூபிலே என்றும், உடுக்கை உல்கே என்றும், மசாலை மசாலே என்றும் முடிவதில் அதைக் காணலாம். மூன்றாவதாக, ரீயூனியன் வடிவங்களில் நெடிலை அடுத்து ஒரு ரகரம் எழுத்தில் தோன்றுகிறது: காளி கார்லி, தாளம் தார்லோன், வாத்தியார் வர்த்தியால்.

இவ்வொழுங்குகளைக் கைக்கொண்டபின், மோர்லோன் என்னும் பறைவகைப் பெயரைப் பாருங்கள். ஈற்று ஓனை அம் ஆக்கி, இடையில் வந்த ரகரத்தை நீக்கினால் மோளம் கிடைக்கிறது. எழுத்துத் தமிழில் மேளம். ஆனால் சிற்றூர்ப் பேச்சில் மோளம் என்பார்கள். கப்பலேறி வந்தவர்கள் பேசிய தமிழ் எத்தகையது என்பதை ஒரே ஓர் உயிரொலி காட்டிக்கொடுக்கிறது. அருஞ்சொல் தேடுவதில் எனக்கு இதைவிடப் பெரிய மகிழ்ச்சி வேறில்லை.

ரூகாய் என்னும் சொல் ஊறுகாயிலிருந்து வந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. முதல் உயிரும் அடுத்த மெய்யும் இடம் மாறியிருக்கின்றன. இது தமிழுக்குப் புதிதன்று. வைசாகி வைகாசி ஆனதையும் தசை சதை ஆனதையும் உரையாசிரியர்கள் எழுத்து நிலைமாறுதல் என்று காட்டியிருக்கிறார்கள். ஆனால் அதே அடுக்களையில் ஊறவைத்த காய்களுக்கு வழங்கும் அசார் என்னும் சொல்லோ பாரசீக மூலமுடையது. பாகற்காயைக் குறிக்கும் மார்கோஸ் என்பதற்கும் தமிழ் வேர் தேட வேண்டாம். கசப்பானது எனப் பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து அது வந்தது. நம்முடையவை அல்லாதவற்றை நம்முடையவை என்று சொல்லிக்கொண்டால், உண்மையிலேயே நம்முடையவற்றையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

வேர்வடிவம் ஒன்றை ஊகித்தபின் அகராதியில் சரிபார்க்க வேண்டும். வீரமாமுனிவர் 1732இல் இயற்றிய சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை எனப் பகுக்கப்பட்டிருப்பதால், ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தேடுவதற்கு இன்றும் உதவும். 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதி, ஒப்பந்தத் தொழிலாளர் இங்கு வந்துகொண்டிருந்த காலத்தது என்பதால் நமக்குச் சிறப்பாகப் பொருந்தும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் அனுபந்தமாகவும் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை இணையத்திலும் தேடலாம். தேடும்போது பேச்சு வடிவம், எழுத்து வடிவம் இரண்டையும் இட்டுப் பார்க்க வேண்டும். மூன்றிலும் இல்லையென்றால் அச்சொல் இல்லவே இல்லை என்று பொருளாகாது. புதுச்சேரி, காரைக்கால், தஞ்சாவூர், ஆர்க்காட்டுப் பகுதிகளைச் சேர்ந்தவர்களிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: பொருள் எழுதுதல்

அரிய சொல்லுக்குப் பொருள் சொல்லும் முறையை உரியியலின் முதல் நூற்பாவே கற்பிக்கிறது: "பயிலாதவற்றைப் பயின்றவை சார்த்தி". கேட்பவர் அறியாததை அவர் அறிந்ததோடு சேர்த்து விளக்க வேண்டும். எற்பாடு என்பதற்கு 'சாயுங்காலம்' என்று மட்டும் எழுதினால் சொல்லின் தனித்தன்மை போய்விடும். 'அந்திப் போழ்து' என்று எழுதினால் ஓர் அருஞ்சொல்லுக்கு இன்னோர் அருஞ்சொல்லைத் தந்ததாகும். 'கதிரவன் மறையும் வேளை. கடற்கரை வாழ்க்கையோடு சேர்த்துச் சொல்லப்படும் பொழுது' என்று எழுதினால் சிறுவரும் புரிந்துகொள்வார்கள்.

பொருள் இடம் மாறியிருந்தால் அந்த மாற்றத்தைக் கட்டாயம் எழுத வேண்டும். ரூகாய்க்கு நான் எழுதும் பதிவு இது: 'ரூகாய், பெயர்ச்சொல். மொரிசியஸில் தக்காளியை வெங்காயம், பூண்டு, தைம் இலை, மிளகாய் சேர்த்துச் சமைக்கும் குழம்பு வகை. ரீயூனியனில் தக்காளி அல்லது மாங்காயை மிளகாயோடு நறுக்கிச் சோற்றுக்குத் துணையாக வைக்கும் பச்சைத் தொடுகறியையும், தொத்திறைச்சி சேர்த்துச் சமைக்கும் குழம்பையும் குறிக்கும். தமிழ் ஊறுகாய் என்பதிலிருந்து. ஊறவைத்துக் காப்பது என்னும் பொருள் இரு தீவுகளிலும் மறைந்துவிட்டது.' கடைசி வாக்கியம் இல்லையென்றால், தமிழ்நாட்டுக்குச் சென்று ரூகாய் கேட்பவரும் இங்கு வந்து ஊறுகாய் கேட்பவரும் ஏமாறுவார்கள்.

காற்றின் பெயர்கள் இன்னும் கவனத்தோடு கையாளத்தக்கவை. தென்றல், வாடை, கொண்டல், கோடை ஆகிய நான்கும் முறையே தெற்கு, வடக்கு, கிழக்கு, மேற்கு ஆகிய திசைகளிலிருந்து வரும் காற்றுகள். தமிழகத்தில் தென்றல் இளவேனிலின் இனிய காற்று. வாடையோ உடலை நடுக்கும் குளிர்காற்று. நாம் வாழ்வதோ நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, ஏறத்தாழ 20 பாகையில். இங்கே சூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்கிலிருந்து வலுவாக வீசும் காற்றே குளிரைக் கொண்டுவருகிறது. வடக்கிலிருந்து வருவது வெப்பமும் ஈரமும் நிறைந்தது. திசையைப் பார்த்தால் இங்கு தென்றலே குளிர்காற்று. உணர்வைப் பார்த்தால் அது வாடை. எந்தப் பொருளை எடுத்துக்கொள்வது? திசைப்பொருளைச் சொல்லின் முதற்பொருளாகவும், இனிமை, குளிர் ஆகிய உணர்வுப்பொருள்களைத் 'தமிழக நிலத்தில்' என்னும் குறிப்போடு அடுத்ததாகவும் எழுதுவதே நேர்மையானது என்று கருதுகிறேன். கார்காலத்துக்கும் இதுவே முறை: ஆவணியும் புரட்டாசியும் அங்கே கார், இங்கே பெருமழையும் புயலும் வருவது ஆண்டின் தொடக்க மாதங்களில். இந்தக் குறிப்பு இல்லாமல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், பாட்டில் வரும் பருவமும் சன்னலுக்கு வெளியே தெரியும் பருவமும் முரண்பட்டு, அவர்கள் குழம்புவார்கள்.

ஆறாம் படி: பகிர்தல்

ஒரு நேரத்தில் ஒரு சொல் போதும். பட்டியலாகப் பத்துச் சொற்களைத் தந்தால் அவை படிக்கப்படும், வழங்கப்பட மாட்டா. சொல்லுக்குரிய பொருளோ நேரமோ கைக்கு எட்டும்போதே சொல்வது நல்லது. உடுக்கையைப் பற்றி உடுக்கை ஒலிக்கும் கோயிலிலும், பீர்க்கங்காயைப் பற்றிச் சந்தையிலும், எக்கரைப் பற்றிக் கடற்கரையிலும் பேசுங்கள். முதலில் வாக்கியத்தைச் சொல்லி, கேட்பவரைப் பொருளை ஊகிக்க விட்டு, அதன்பின் விளக்கம் தாருங்கள். ஊகித்தவர் எளிதில் மறப்பதில்லை.

நம் பிள்ளைகள் பலர் பிரெஞ்சு எழுத்தையே முதலில் படிக்கிறார்கள். அவர்களுக்குக் கரிபூலேயையும் கறிவேப்பிலையையும் பலகையில் அருகருகே எழுதி, எந்த ஒலி எதுவாக மாறியது என்று கோடு போட்டு இணைக்கச் சொல்லுங்கள். வீட்டில் சொல்வது தவறு என்று மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள். இரண்டு வடிவங்களும் இருக்கட்டும். எழுதும்போது இது, வீட்டில் பேசும்போது அது என்று வழக்கிடத்தைக் காட்டினால் போதும்.

சில சொற்களுக்கு எச்சரிக்கைக் குறிப்பு வேண்டும். மல்பார் என்னும் சொல் ரீயூனியனில் தமிழ் வழியினரைக் குறிக்கிறது. அவர்களில் பலர் தம்மைத் தாமே அவ்வாறு அழைத்துக்கொள்கிறார்கள். மொரிசியஸிலோ அது வட இந்திய வழி இந்துக்களைக் குறிக்க வழங்குகிறது, சொல்லும் தொனியைப் பொறுத்து இழிவாகவும் ஒலிக்கிறது. தமிழரை இங்கே மத்ராஸ் என்பார்கள். இத்தகைய சொற்களை மறைக்க வேண்டியதில்லை. யார் யாரைப் பற்றிச் சொல்வது, எங்கே புண்படுத்தும் என்பதைப் பொருளோடு சேர்த்தே எழுதிவிட வேண்டும்.

ஏழாம் படி: திருத்தம்

பகிர்ந்தவுடன் மறுப்புகள் வரும். "எங்கள் ஊரில் அப்படிச் சொல்வதில்லை" என்று ஒருவர் சொன்னால், அது உங்கள் பதிவுக்குக் கிடைத்த இன்னொரு சான்று. அவர் ஊரையும் அவர் சொல்லும் வடிவத்தையும் அதே தாளில் சேருங்கள். பழைய விளக்கத்தை அழிக்காமல், அதன் கீழே திருத்தத்தை நாளோடு எழுதுங்கள். வேர் பற்றிய கருத்து ஐயத்துக்குரியதாக இருந்தால் 'ஊகம்' என்னும் ஒரு சொல்லை முன்னால் இடுங்கள். சான்று கிடைத்தபின் அதை நீக்கிக்கொள்ளலாம். ஏட்டின் ஒரு படியைக் கோயிலின் தமிழ் வகுப்பிலும், இன்னொரு படியை வேறொரு வீட்டிலும் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை, வருசப்பிறப்பை ஒட்டி, மூன்றையும் ஒப்பிட்டு விடுபட்டவற்றைச் சேர்த்து எழுதுங்கள்.